வையம்பட்டி வாலை

ஸ்ரீரங்கம்,
வடக்குச் சித்திரை வீதி,
3-7-1934, செவ்வாய்க்கிழமை.

ஆத்தில் இல்லாத ஆத்துக்காரருக்கு வேதவதி எழுதிக்கொண்டது.

இன்று 1934-ஆம் வருஷம் ஜூலை மாதம் மூன்றாம் தேதி. எனக்கு ஐம்பது வயதும் மூன்று மாதமும் இருபத்தொரு நாளும் ஆகின்றன. இதைச் சொல்லித் தொடங்கக் காரணம், ‘நாற்பத்தெட்டு வயதில் இப்படி வெயிலில் அலைகிறாயே’ என்று போன கடிதத்தில் என்மேல் பரிவு காட்டியிருந்தீர்கள். பரிவு கிடக்கட்டும், எண் தப்பு. தராசில் நாலாவது தசமத்தானம் வரைக்கும் பார்க்கிறவர் பெண்டாட்டியின் வயதில் இரண்டு வருஷத்தைச் சிந்தலாமா?

கம்பெனி வேலையை ராஜிநாமாச் செய்துவிட்டு மியூசியத்தில் காப்பாளராக அமர்ந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அடுத்தாத்து சத்யபாமா மாமியிடம் சொன்னேன். “ரசாயனக்காரராக இருந்தார், அப்புறம் ரசாயனத்தின் சரித்திரம் எழுதினார், இப்போது பழைய ரசாயனப் பாத்திரங்களுக்குக் காவல் இருக்கிறார்” என்றேன். “அப்படின்னா அது மேல போறதாடி, கீழ வரதா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

தென்னாட்டு வாலை, மூசை, புடச்சட்டி என்று பழைய பாத்திரம் எது அகப்பட்டாலும் அனுப்பு என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். வடிக்கிற பாத்திரத்தை வாலை என்று சொன்னால் புரிந்துகொள்கிறவர்களே இந்தப் பக்கத்தில் குறைந்துவிட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூன் ராசப்பனுக்கு வையம்பட்டி சொந்த ஊர். அங்கே தன் அத்தை வீட்டில் ஒன்று இருப்பதாகச் சொன்னான். போன சனிக்கிழமை திண்டுக்கல் ரயிலில் போய் வந்தேன். அத்தையின் பெயர் வீராயி. மாட்டுக்கொட்டிலில் தரையைத் தோண்டி ஒரு பானையை எடுத்தாள். வாய்க்கு மூடி, கழுத்தில் சுட்ட மண் குழல், மூட்டெல்லாம் சீலைமண் பூசி இறுக்கியிருந்தது. எவ்வளவு பழையது என்று கேட்டேன். “எங்க மாமனாரோட அப்பாரு காலத்துதுங்க. அவரு வைத்தியருங்க” என்றாள். இது வீராயியின் வாக்குமூலம்; என்னுடையது அல்ல. நான் ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடியும் சீலைமண் பூசி, வைக்கோல் சுற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன்.

அது என்ன என்று நான் சொல்வதாக இல்லை. கல்யாணமான புதிதில் சென்னையில் நீங்கள் டெமான்ஸ்டிரேட்டர், நான் அதே கல்லூரியில் மாணவி. சாப்பிட்டானதும் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்புக் கிண்ணத்தை எடுத்து, ஏதாவது ஒரு உப்பை அதில் போட்டு, “இது என்ன?” என்று நீட்டுவீர்கள். மறுநாள் என் முறை. கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. விடை வந்தபின் ‘சரி’ அல்லது ‘மறுபடி’ என்று ஒரே சொல் சொல்ல வேண்டும். அந்த விதிப்படியே இந்தப் பானையைக் கொடுக்கிறேன். வகுப்பில் முதல் நாள் என்ன வரிசையில் பார்க்கச் சொல்லிக் கொடுப்பீர்களோ, அந்த வரிசையிலேயே பாருங்கள். கழுவுவதற்கு அவசரப்படாதீர்கள். பிரிக்கும்போது உதவியாளர் யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

மாசி மாதக் கடிதத்தில், தோட்டத்து மாம்பூ வாசனை ஒரு கணம் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்கள். புரோமின் புட்டி உடைந்து உங்களுக்கு மோப்பம் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. ‘மிளகு சாத்தமுதுக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரிகிற அன்றைக்கு வருகிறேன்’ என்று சொல்லி ரயிலேறிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரு கணம் என்பது எவ்வளவு நேரம்? ஒரு தடவை கண்டதைக் கொண்டு முடிவு செய்யலாகாது என்பது உங்கள் பாடம்தான்.

பள்ளியில் எனக்கு லீவு நிறையச் சேர்ந்து கிடக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

வேதவதி


கல்கத்தா,
24-7-1934.

சௌபாக்கியவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம், அங்கு உன் க்ஷேமத்துக்குப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

ஐம்பது! ஒப்புக்கொண்டேன். அபராதமாக இந்தக் கடிதத்தை நீளமாக எழுதுகிறேன்.

பானை விரிசல் இல்லாமல் வந்து சேர்ந்தது. உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானே பிரித்தேன். உன்னுடைய கேள்விக்கு இன்னொருவன் விடை சொல்லலாமா? இதோ என் விடைத்தாள். நிறம்: உட்புறம் கருமை, கழுத்திலும் குழலின் வாயிலும் வெண்மையான பூப்பு. கரைதல்: பூப்பு குளிர்ந்த நீரிலேயே முழுதும் கரைந்தது. பிறகு இரும்பு உப்பு, பிறகு கந்தகத் திராவகம். பழுப்பு வளையம், வேதா! கண்ணால் பார்க்க வேண்டும், அப்படி ஒரு வளையம். வெடியுப்பு! இந்த நாட்டில் ரசாயனக் கம்பெனிகள் முளைக்குமுன்பே, வையம்பட்டியில் ஒரு வைத்தியர் வெடியுப்புத் திராவகம் வடித்திருக்கிறார். அந்த அம்மாளின் மாமனாருக்குத் தகப்பனார் என்றால் நூறு, நூற்றிருபது வருஷம் வைக்கலாம். நம்மவர்களுக்கு வலிய திராவகங்கள் தெரியாது என்று சொல்லுகிறவர்களின் முன்னால் இந்த ஒரு பானையை வைத்தால் போதும்.

பூப்பைச் சுரண்டி எடுத்து வைத்தபின், பானையை நீர்த்த அமிலத்தில் அலசி, வாலைநீர் விட்டு நாலு தடவை கழுவிக் கவிழ்த்தேன். கழுவாதே என்று நீ எழுதியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக் கை. அழுக்குப் பாத்திரத்தைக் கண்டால் அது என்னைக் கேட்பதில்லை.

ஒன்று சொல்கிறேன், கடந்துபோன விஷயம் என்பதால்தான் சொல்கிறேன். போன மார்கழியில் ஒரு நாள் சாயங்காலம் ஹௌரா பாலத்தில் போய் நின்றேன். கீழே கங்கை. வெகுநேரம் நின்றேன். அதற்குச் சில நாள் முன்பு கம்பெனியில் விஷவாயு கசிந்தது தெரியாமல் நான் பாட்டுக்கு நின்றிருந்தேன். வேறு ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ரசாயனம் என்னை விட்டுவிட்டது, சரித்திரம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, எதற்காக இருக்கிறோம் என்று தோன்றியது. பிறகு எப்படியோ திரும்பி நடந்தேன். இன்று அந்தக் கேள்வி இல்லை. உன் பானை அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

என் மூக்கின் கதை இங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

விடைத்தாள் உன் கையில். சரியா, மறுபடியா? தபால்காரனை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஸ்ரீனிவாசராகவன்


ஸ்ரீரங்கம்,
6-8-1934.

கல்கத்தாவிலிருப்பவருக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன்.

கழுவினது தப்பு. காப்பாளர் ஆனபின்பு கையைக் கட்டிப் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளுங்கள். சோதனைச்சாலையில் அழுக்கு என்பது விரோதி. உங்கள் புது உத்தியோகத்தில் அழுக்குத்தான் சாட்சி.

திருத்துவதற்கு எனக்கு அவகாசம் வேண்டும். பானை எந்த இடத்தில் கிடந்தது என்று என் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை இன்னொரு தடவை படியுங்கள். அச்சுக்கு ஓடாதீர்கள்.

இனிப் பாலத்தின்மேல் நிற்க வேண்டாம். அது நடப்பதற்காகப் போட்டது.

காவேரியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குச் சத்யபாமா மாமி சித்ரான்னம் ஐந்து தினுசு கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தி சாப்பிடுகிற அளவா அது? மிஞ்சினதை ராசப்பன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

வேதவதி


கல்கத்தா,
11-2-1937.

சௌபாக்கியவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம்.

புஸ்தகம் வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி தனித் தபாலில் வருகிறது. மூன்றாவது அத்தியாயம் முழுவதும் நம் பானைதான். அதற்கு ‘வையம்பட்டி வாலை’ என்றே பெயர் வைத்துவிட்டேன். மாட்டுக்கொட்டிலில் கிடந்தது என்பதை அடிக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். பார், உன் சொல்லைத் தட்டவில்லை.

சென்ற வாரம் ஒரு பெரிய சபையில் பேசச் சொன்னார்கள். பேசி முடிந்தபின் ஒரு ஜமீன்தார் தங்கச் சிமிழில் அத்தர் கொண்டுவந்து, இது கனோஜ் சரக்கா, காஜிபூர் சரக்கா, தங்களைப் போன்றவர்தாம் சொல்ல வேண்டும் என்று என் மூக்கின் கீழ் பிடித்தார். நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சற்று நேரம் கழித்து, “இதற்குப் பெயர் சொல்வது இதை அவமதிப்பது” என்றேன். கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து விளக்கைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே எனக்குத் தனி ஜாகை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு அறை, தளிகைக்கு ஒரு சின்ன உள், குழாய்த் தண்ணீர். சாளரத்தைத் திறந்தால் மியூசியத்து மாமரம். நீ வந்துவிடேன். மூக்கு வந்தால்தான் வருவேன் என்று நான் சொன்னதெல்லாம் நாற்பது வயதின் ரோஷம். நான் அங்கே வர இந்த வேலை விடாது. நீ வரலாமே? உன்னைப் பள்ளிக்கூடம் பிடித்துக்கொண்டிருக்கிறதா, பெருமாளா?

பின் குறிப்பு: விடைத்தாள் இன்னும் திருந்தி வரவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அச்சிட்டுவிட்டேன்.

உன் ஸ்ரீனிவாசராகவன்


ஸ்ரீரங்கம்,
2-3-1937.

கிரந்தகர்த்தாவுக்கு,

புஸ்தகம் வந்தது. அட்டை நன்றாக இருக்கிறது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கொதிநிலை ஒன்று தப்பாக அச்சாகியிருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயங்களை இங்கே யாரும் எழுதியிருக்க முடியாது. சாயவேர்ப் பகுதியை என் பெண்களுக்கு வகுப்பில் படித்துக் காட்டினேன். மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

கல்கத்தாவுக்கு நான் வருவதற்கில்லை. அங்கே எல்லாவற்றையும் கடுகெண்ணெயில் வதக்குகிறார்கள் என்று கேள்வி. உங்களுக்கு அது கஷ்டமாக இராது. எனக்கு மூக்கு இருக்கிறது. மேலும் இந்த வருஷம் பத்தாவதில் பதினோரு பெண்கள். அவர்களை நட்டாற்றில் விட முடியாது. ஆகவே இந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

சத்யபாமா மாமிக்கு உங்கள் கடிதத்தின் தபால் முத்திரையைப் பார்த்தாலே போதும். நேற்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“என்னடி வேதா, ஆத்துக்காரர் எப்போ வராராம்?”

“அவர் வரலை, மாமி. என்னை வரச் சொல்றார்.”

“போயேன்டி! பெட்டி கட்டறதுக்கு நான் வரட்டுமா?”

“கடுகெண்ணெய் ஒத்துக்காது.”

“நன்னா இருக்கு போ. எம்.ஏ. படிச்சதுக்கு இதுவா பதில்? எங்காத்துக்காரர் இப்படி ஒரு கடுதாசி போட்டா, நான் மண்ணெண்ணெயைக்கூடக் குடிச்சிண்டு இருப்பேன்.”

அவள் ஆத்துக்காரர் அப்போது உள்ளேதான் இருந்தார், இருமினார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அத்தர்க்காரரிடம் நீங்கள் சொன்ன பதில் கெட்டிக்காரத்தனமானது. அதை நினைத்து இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இங்கே இப்போதெல்லாம் சாத்தமுது ஒரு நாள் வைத்தால் இரண்டு நாளுக்கு வருகிறது.

வேதவதி


ஸ்ரீரங்கம்,
26-12-1942.

கல்கத்தாவில் குண்டு விழுந்ததாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. ஜனங்கள் ரயிலுக்கு அலைமோதுகிறார்களாம். மியூசியம் துறைமுகத்திலிருந்து எத்தனை தூரம் என்று நீங்கள் ஒருபோதும் எழுதினதில்லை.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தின் இரைச்சலெல்லாம் ஓய்ந்துவிட்டது. ஊர் வெறிச்சென்று இருக்கிறது. எனக்குப் பள்ளியிலிருந்து ஓய்வு கொடுத்து ஆறு மாதம் ஆயிற்று; கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், மாலை போட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். தபால்காரர் செல்லக்கண்ணு வாசலைத் தாண்டும்போது, நான் கேட்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

ஒரு கார்டு போடவும். இரண்டு வரி போதும்.

வேதவதி


கல்கத்தா,
19-1-1943.

சௌபாக்கியவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம். உயிரோடு இருக்கிறேன். தபால் நின்றுபோயிருந்தது.

அபாயச் சங்கு ஊதினதும் எல்லோரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கீழறைக்கு ஓடினார்கள். பக்கத்து அறைக்காரர் பெட்டியைத் தூக்கினார். நான் எதைத் தூக்கினேன் என்று நீயே ஊகித்துக்கொள். மடியில் வைத்துக்கொண்டு, மூடியின்மேல் கையைக் கவித்துக்கொண்டு, அபாயம் நீங்கின சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்தேன். “குழந்தையை வைத்திருப்பதுபோல் வைத்திருக்கிறீரே” என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நமக்குத்தான் வேறொன்றும் இல்லையே.

இங்கே தெருவில் பட்டினிக்காரர்களின் கூட்டம் தொடங்கியிருக்கிறது. விவரம் எழுதக் கை வரவில்லை.

நீ வராமல் இருந்ததே நல்லதாயிற்று என்று முதல் தடவையாக நினைத்தேன்.

உன் ஸ்ரீனிவாசராகவன்


கல்கத்தா,
30-10-1947.

சௌபாக்கியவதி வேதவதிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு க்ஷேமம்.

பெரிய செய்தி மூன்று. வரிசையாகச் சொல்கிறேன்.

மியூசியத்தை இனிச் சர்க்காரே ஏற்று நடத்தப்போகிறது. நடு மண்டபத்தைப் புதுப்பித்து, நம் நாட்டு ரசாயனத்துக்கென்றே தனியாக ஒதுக்கிவிட்டார்கள். மண்டபத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், வையம்பட்டி வாலை. திறப்பு விழா தை மாதத்தில். பள்ளிக்கூடப் பாடப்புஸ்தகத்தில் அதன் படத்தைப் போட அனுமதி கேட்டிருக்கிறார்கள். பெட்டியின் கீழ்ப் பித்தளைத் தகட்டில் ‘கண்டெடுத்தவர்: ஸ்ரீமதி வேதவதி, எம்.ஏ.’ என்று பொறிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் சம்மதம் வேண்டும். இத்தனை வருஷமும் உன் பெயரைப் போடக் கூடாது என்று தடுத்தாய். இந்தத் தடவை தடுக்கக் கூடாது.

இரண்டாவது. லண்டனில் ஒரு ஆராய்ச்சியாளர் பானையின் அடியிலிருந்து ஒரு சில்லு கேட்டு எழுதியிருக்கிறார். பொடித்துக் கரைப்பான்களில் ஊறவைத்து, மண் குடித்து வைத்திருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிடுவாராம். இப்போது அப்படி ஒரு முறை வந்திருக்கிறது. விழாவுக்கு முன்பே முடிவு கிடைத்துவிட்டால் அதையும் சபையில் படிக்கலாம். சில்லு எடுத்து வைத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரக் கப்பலில் போகிறது. நான் கழுவிவிட்டேன் என்று என்னைத் திட்டினாயே, பானை என்னைக் காட்டிலும் ஞாபகசாலி!

மூன்றாவது, விழா முடிந்ததும் நான் ஓய்வு பெறுகிறேன். ஸ்ரீரங்கத்துக்கு வருகிறேன், வேதா. மூக்கு வரவில்லை. பன்னிரண்டு வருஷமோ என்னவோ முன்பு மாம்பூ என்று ஏதோ எழுதினேன்; நீ தனியாக இருக்கிறாயே என்று எழுதினது, அது நிஜம் இல்லை. ஆனால் வெறுங்கையோடு வருகிறவனாக இனி நான் இல்லை. ஒரு கிழவன், ஒரு காரியம் செய்து முடித்தவன், வருகிறான். சாத்தமுது எனக்கு வெந்நீராகவே இருக்கட்டும். உன் கையால் இருக்கட்டும்.

பதின்மூன்று வருஷமாக விடைத்தாளை வைத்துக்கொண்டு இருக்கிறாயே, பரீட்சகரே! இப்போதாவது ‘சரி’ என்று எழுதி அனுப்பு. அதைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

உன் ஸ்ரீனிவாசராகவன்


ஸ்ரீரங்கம்,
வடக்குச் சித்திரை வீதி,
17-11-1947, திங்கட்கிழமை.

ஆத்துக்காரருக்கு வேதவதி எழுதிக்கொண்டது.

எனக்கு அறுபத்து மூன்று வயதும் எட்டு மாதமும் ஆகின்றன. கண்ணில் புரை விழுந்துகொண்டிருக்கிறது. புத்தூர் ஆஸ்பத்திரியில் பங்குனிக்குமேல் எடுக்கலாம் என்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், கை நடுங்கவில்லை.

முதலில் அவசரமானது. அந்தச் சில்லை லண்டனுக்கு அனுப்பாதீர்கள். கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். பித்தளைத் தகட்டில் என் பெயரைப் பொறிக்கக் கூடாது. பாடப்புஸ்தகக்காரர்களுக்குப் படம் கொடுக்கக் கூடாது. நடு மண்டபத்துக்கு வேறு எதையாவது வையுங்கள். உங்கள் முதல் இரண்டு அத்தியாயங்களிலும் அதற்குத் தகுதியான பொருள்கள் ஏழெட்டு இருக்கின்றன. சாயவேர்த் தொட்டியை வைக்கலாம். அதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். அது அசைக்க முடியாதது. இதையெல்லாம் மற்றவர் சொல்லி நீங்கள் செய்வதைவிட, நீங்களே முந்திக்கொண்டு செய்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். சில்லு கேட்பவர் மட்டும் இல்லாவிட்டால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

வீராயியைப் பற்றி 1934-இல் எழுதினது அத்தனையும் உண்மை. எழுதாமல் விட்டது இது. கொட்டிலுக்குள் போகுமுன் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அம்மா, நீங்க அப்காரி இன்ஸ்பெக்டர் வீட்டு அம்மாங்களா?”

“இல்லை, பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா.”

“வாத்தியாரம்மாவுக்கு இந்தப் பானை எதுக்குங்க?”

“எனக்கு இல்லை. கல்கத்தாவில் எங்காத்துக்காரர் கேட்கிறார்.”

அவள் மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். “ஐயமாரு வீட்டுலயுமா காச்சுறீங்க?”

ராசப்பன் பின்னால் திரும்பிச் சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தான். பானையைத் தோண்டி எடுத்து மூடியைத் திறந்தாள். புளித்த வெல்லம், வேலம்பட்டை. கொட்டில் முழுக்கச் சாராயம் மணத்தது. சாணி வாசனையே அமுங்கிப்போயிற்று. மாட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். “எவ்வளவு பழையது?” என்று கேட்டதற்குத்தான் மாமனாரின் அப்பா வந்தார். “நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நிஜத்தைச் சொல்” என்றேன். “போன சித்திரையில கொசவங்கிட்டச் சொல்லிச் செஞ்சதுங்க. ஒங்க வூட்டுக்காரரைக் கொஞ்சமாக் காச்சச் சொல்லுங்க, கல்கத்தா பெரிய ஊரு, போலீசு சாஸ்தி” என்று சொல்லி அனுப்பினாள்.

வெண்பூப்பைப் பற்றி. மாட்டுமூத்திரம் ஊறின கொட்டில் மண்ணில் வெடியுப்புப் பூக்கும் என்பதை எனக்குக் கற்பித்தவர் நீங்கள். அந்த மண்ணில் எதைப் புதைத்தாலும் உங்களுக்குப் பழுப்பு வளையம் கிடைத்திருக்கும். கழுவாதிருந்தால் அடிக்கருமை உங்களுக்கு மீதியைச் சொல்லியிருக்கும். நாலு தடவை கழுவினாலும் சுட்ட மண்ணின் உள்ளே கொஞ்சம் மிஞ்சும். லண்டன்காரர் அதைத்தான் எடுத்து மேஜைமேல் வைப்பார்.

உங்கள் விடைத்தாளில் நிறத்துக்கும் கரைதலுக்கும் நடுவில் ஒரு வரி இல்லை. முதல் நாள் வகுப்பில் நிறம், மணம் என்று சேர்த்தே சொல்லித் தருவோம். மாம்பூ பொய் என்பது எனக்கு அந்த விடுபட்ட வரியிலேயே தெரிந்துவிட்டது. பதின்மூன்று வருஷம் கழித்து நீங்களாக ஒப்புக்கொண்டதைப் பாராட்டுகிறேன்.

உங்களை இழிவுபடுத்தப் பானையை அனுப்பவில்லை. மாம்பூவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். பிரித்த அந்த நிமிஷமே சிரித்துக்கொண்டு, ‘சாராயம் அனுப்புகிறாயே, வெட்கமில்லையா’ என்று ஒரு கார்டு போடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். மூக்கு வராமல் இருந்தால் உதவியாளர் சொல்லிவிடுவார். அப்போதும் ஒரு கார்டு வரும், சோகமாக. இரண்டுக்கும் தயாராக இருந்தேன். வந்தது மூன்றாவது: பழுப்பு வளையமும் ஹௌரா பாலமும் ஒரே உறையில். ‘மறுபடி’ என்று எழுதிய கார்டு ஒன்று மேஜைமேல் ஒரு நாள் இருந்தது. பிறகு அதை அடுப்பில் போட்டேன். மூக்குள்ள எவனும் ஒரு நொடியில் சொல்லக்கூடியதை நீங்கள் தவறவிட்டீர்கள் என்று, அந்த வாரத்தில், உங்களிடம் யார் சொல்வது? அச்சுக்கு ஓடாதீர்கள் என்றேன், ஓடினீர்கள். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் அது மேலும் கனத்துக்கொண்டே போயிற்று. குண்டு விழும்போது மடியில் வைத்துக்கொண்டீர்கள். இதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே கடிதம் இன்று வந்தாலும் அதையேதான் செய்வேன்.

இப்போது நீங்கள் பாலத்தில் நிற்கிற மனுஷர் அல்ல. முப்பது வருஷத்து வேலையில் ஒரு அத்தியாயம் போகிறது, மற்றவை இருக்கின்றன. இந்த அத்தியாயத்தைத் தாமே கிழித்தவர் என்ற பெயரும் உங்களுக்குச் சேரும். அதைக் காட்டிலும் நல்ல தகடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, விதிப்படி ஒரே சொல்: மறுபடி.

தையில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபின்னும் வருவதானால் வாருங்கள். மாடியறைக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டாலும் அடிக்க வேண்டியதுதான், சுவர் உதிர்கிறது.

கடைசியாக ஒன்று. என்னைக் கல்கத்தாவுக்கு எத்தனையோ தடவை அழைத்தீர்கள். நான் கடுகெண்ணெய் என்றேன், பத்தாம் வகுப்புப் பெண்கள் என்றேன். அவற்றில் எதுவும் காரணம் இல்லை. அந்தப் பானையைப் பார்சலில் போட்ட வாரமே பள்ளியில் ஒரு வருஷ லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கியாயிற்று. பெருங்காயமும் பருப்புப்பொடியும்கூடக் கட்டிவைத்தாயிற்று. எந்தக் கார்டு வந்தாலும், சிரித்தாலும் அழுதாலும், புறப்பட்டிருப்பேன். மூக்கில்லாத புருஷனோடு குடித்தனம் செய்ய எனக்கு ஒரு நாளும் ஆட்சேபம் இருந்ததில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாள் லீவுக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கூரையின்கீழ், தினம் நீங்கள் அந்தப் பானையின் பெருமையைப் பேச, நான் பரிமாறிக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருந்திருப்பேன்? மிஞ்சினால் ஒரு வாரம். ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தால்தான் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும். அதனால் இங்கேயே இருந்தேன்.

வேதவதி